சட்டம் பிறந்த கதை – 9: மூன்றில் ஒரு பங்கு வாக்கு

சென்ற வாரம்: மன்னர் மானியத்தை ஒழிக்க வேண்டும் என்று 1967 ஜூனில் டெல்லியில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் போட்டது. 1969 நவம்பரில் அந்தக் கட்சியே இரண்டாக உடைந்தது. மக்களவையில் பெரும்பான்மை இழந்த இந்திரா காந்தி, கம்யூனிஸ்டுகள், தி.மு.க. போன்ற கட்சிகளின் ஆதரவோடு ஆட்சியைத் தொடர்ந்தார். 1970 மே 14 அன்று மானிய ஒழிப்பு மசோதா மக்களவையில் அறிமுகமானது. இனி...

1970 செப்டம்பர் 5, சனிக்கிழமை. மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கான மணி ஒலித்தது. நடைகூடங்களிலும் நூலகத்திலும் இருந்த உறுப்பினர்கள் இருக்கைக்கு விரைந்தார்கள். வாசல்கள் மூடப்பட்டன. இனி யாரும் உள்ளே வர முடியாது.

மூன்று நாள் முன்பு, செப்டம்பர் 2 அன்று, இதே மசோதா மக்களவையில் நிறைவேறியிருந்தது. ஆதரவு 332, எதிர்ப்பு 154. பின்னால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெற்ற கணக்கு இது. மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒப்புக்கொண்டுவிட்டது. மேலவை மறுத்துவிடப் போகிறதா என்ன?

எண்ணிக்கை முடிந்தது. ஆதரவு 149. எதிர்ப்பு 75. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று.

ஆனாலும் மசோதா தோற்றது!

74 வாக்கு அதிகம் பெற்ற ஒரு மசோதா எப்படித் தோற்கும்? இதைப் புரிந்துகொள்ள 23 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

வாக்கு கொடுத்த தேசம்

1947-ல் வெள்ளைக்காரர்கள் கிளம்பியபோது இந்த நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. சில, ஐரோப்பிய நாடுகளுக்கு நிகரான பரப்பு கொண்டவை. சில, நாலைந்து கிராமங்களோடு முடிந்துவிடுபவை. சர்தார் பட்டேலும் அவருடைய செயலாளர் வி.பி. மேனனும் ஒவ்வொரு அரசராக உட்காரவைத்துப் பேசிக் கையெழுத்து வாங்கினார்கள். நம் பக்கத்துப் புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அப்போது அரியணையில் இருந்தவர் ராஜகோபாலத் தொண்டைமான்.

நாட்டையும் கஜானாவையும் ஒப்படைத்தவர்களுக்கு இந்திய அரசு பதிலுக்கு ஒரு வாக்கு கொடுத்தது. ஆண்டுதோறும் வருமான வரி இல்லாமல் ஒரு தொகை. கூடவே பட்டம், கொடி, மரியாதைகள். அந்தத் தொகைதான் மன்னர் மானியம். பொதுவான கணக்கு இது: சமஸ்தானத்தின் ஆண்டு வருவாயில் முதல் ஒரு லட்சத்துக்கு 15 சதவீதம், அடுத்த நான்கு லட்சத்துக்கு 10 சதவீதம், அதற்கு மேல் ஏழரை சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். பெரிய சமஸ்தானங்கள் சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. மைசூருக்கு 26 லட்சம், திருவிதாங்கூருக்கு 18 லட்சம். மறு கோடியில், கட்டோடியா என்ற குட்டி சமஸ்தானத்தின் தலைவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 192 ரூபாய்.

1949 அக்டோபர் 12 அன்று அரசியல் நிர்ணய சபையில் பட்டேல் இதற்காக எழுந்து வாதாடினார். ரத்தம் சிந்தாமல் ஒரு தேசம் ஒன்றுபட்டதற்கு இது பெரிய விலை அல்ல, கொடுத்த வாக்கைக் காப்பது தேசத்தின் கடமை என்பதுதான் அவர் பேச்சின் சாரம். சபை ஏற்றுக்கொண்டது. 291-வது பிரிவு மானியத்துக்கு உறுதி அளித்தது. 362-வது பிரிவு மரியாதைகளுக்கு உறுதி அளித்தது. 366-வது பிரிவின் 22-ம் உட்பிரிவு, 'சமஸ்தானாதிபதி' என்றால் யார் என்று வரையறுத்தது.

அந்த 22-ம் உட்பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் கடைசியில் அது மீண்டும் வரும்.

பட்ஜெட்டில் கைவைக்க முடியாத பணம்

1970-ல் மானியம் பெற்றுக்கொண்டிருந்தவர்கள் 280-க்குச் சற்றுக் குறைவு. மொத்தச் செலவு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கும் கீழே. அரசுக்கு இது வேண்டாம் என்றால் பட்ஜெட்டில் அந்த வரியை அடித்துவிட்டுப் போகலாமே? எதற்காக அரசமைப்புச் சட்டத்தைத் தொட வேண்டும்?

முடியாது. நாடாளுமன்றம் அனுமதிக்கும் செலவுகள் இரண்டு வகை. ஒன்று, மக்களவை ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையாக விவாதித்து வாக்களித்து ஒதுக்குவது. மற்றொன்று, தொகுப்பு நிதியின் மேல் நேரடியாகச் சுமத்தப்பட்ட செலவு. குடியரசுத் தலைவரின் ஊதியமும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியமும் இந்த இரண்டாம் வகை. இவற்றை அவையில் விவாதிக்கலாம். வாக்கெடுப்புக்கு விட முடியாது. ஆட்சியாளர்களின் கோபதாபத்துக்கு இவர்கள் ஆளாகக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி அது. மன்னர் மானியத்தையும் அதே வேலிக்குள்தான் வைத்திருந்தார்கள்.

ஆகவே வழி ஒன்றுதான். வேலியையே அகற்ற வேண்டும். அதாவது, அரசமைப்புச் சட்டத் திருத்தம்.

மூன்று கதவுகள்

ஒரு சாதாரண மசோதா சட்டமாகும் பாதையை முதலில் பார்ப்போம். அமைச்சர் அவையின் அனுமதி பெற்று மசோதாவை அறிமுகம் செய்கிறார். இது முதல் வாசிப்பு. அடுத்தது இரண்டாம் வாசிப்பு. அதில் முதலில் மசோதாவின் கொள்கை பற்றிப் பொது விவாதம் நடக்கும். தேவைப்பட்டால் தேர்வுக் குழுவுக்குப் போகும். பிறகு ஒவ்வொரு ஷரத்தாக எடுத்துத் திருத்தங்களோடு வாக்கெடுப்பு. இப்போது துறைவாரியாக இருக்கும் நிலைக்குழுக்கள் 1993-ல்தான் வந்தன. 1970-ல் அவை கிடையாது. கடைசியாக மூன்றாம் வாசிப்பு. மொத்த மசோதாவும் வேண்டுமா வேண்டாமா என்பதற்கான இறுதி வாக்கு. பிறகு அடுத்த அவை. அங்கும் இதே வரிசை. அதன்பின் குடியரசுத் தலைவரின் ஒப்புதல்.

சாதாரண மசோதாவுக்கு, வந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். இரண்டு அவைகளும் ஒத்துப்போகாவிட்டால் கூட்டுக்கூட்டம் கூட்டலாம். 1961 மே மாதம் வரதட்சணைத் தடை மசோதாவுக்காக முதன்முதலில் அப்படிக் கூட்டினார்கள். மக்களவையின் உறுப்பினர் எண்ணிக்கை மாநிலங்களவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்பதால், கூட்டுக்கூட்டத்தில் மக்களவையின் கையே ஓங்கியிருக்கும். பண மசோதா என்றால் இன்னும் எளிது. மாநிலங்களவை 14 நாளுக்குள் யோசனை சொல்லலாம், அவ்வளவே, தடுக்க முடியாது.

அரசமைப்புத் திருத்தத்துக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. 368-வது பிரிவு ஒவ்வொரு அவையிலும் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆதரிக்க வேண்டும். வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் ஆதரிக்க வேண்டும். குரல் வாக்கெடுப்பு செல்லாது. தலையை எண்ணித்தான் ஆக வேண்டும். ஓர் அவை மறுத்தால் கூட்டுக்கூட்டம் கிடையாது. மேல்முறையீடும் கிடையாது. கதை அங்கேயே முடிந்தது.

மக்களவையில் 486 பேர் வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 324. கிடைத்தது 332. ஆக, எட்டே எட்டு வாக்கு உபரி. 1967 தேர்தலில் தி.மு.க. வென்ற இடங்கள் 25. அவர்கள் கைகொடுக்காமல் எதிராக நின்றிருந்தால், மசோதா மக்களவை வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. எதிரணியிலும் ஒரு தமிழர் நிறுவிய கட்சி இருந்தது. அது ராஜாஜியின் சுதந்திராக் கட்சி. சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இணைந்துகொண்டிருந்த 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரலாக இருந்தவரே ராஜாஜிதான்.

முதல் கதவு திறந்துவிட்டது. இரண்டாவது கதவு மாநிலங்களவை.

கலைக்க முடியாத அவை

பிரதமரின் ஆலோசனையின் பேரில் மக்களவையைக் கலைத்துவிட்டு மக்களிடம் போகலாம். மாநிலங்களவையை யாராலும் கலைக்க முடியாது. அதன் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பகுதியினர் ஓய்வுபெற, புதியவர்கள் வருவார்கள். கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவை ஆகிய துறைகளிலிருந்து குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேரும் உண்டு.

இதன் விளைவைக் கவனியுங்கள். 1970 செப்டம்பரில் அந்த அவையில் இருந்தவர்களில் சிலர் 1966-ல் வந்தவர்கள், சிலர் 1968-ல் வந்தவர்கள், சிலர் அந்த ஆண்டே வந்தவர்கள். 1966-ல் பெரும்பாலான மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சி. 1967-ல் பல மாநிலங்கள் அதன் கையைவிட்டுப் போயின. 1969-ல் கட்சி உடைந்தது. இந்த மூன்று காலமும் ஒரே கூரையின் கீழ் அருகருகே உட்கார்ந்திருந்தன. நேற்று வீசிய ஒரே அலை மொத்த அவையையும் அடித்துச் சென்றுவிடாதபடி, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது.

இன்னொன்றும் உண்டு. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல்தான் வந்தது. 1970-ல் கொறடாவின் உத்தரவை மீறினால் கட்சி நடவடிக்கை எடுக்கலாம். ஆனால், பதவி பறிபோகாது. உடைந்த காங்கிரஸின் இரு பிரிவிலும் யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று கடைசி நிமிடம் வரை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத நிலை.

ஒரே ஒருவர்

இப்போது அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புவோம். அவையின் மொத்த உறுப்பினர்கள் ஏறத்தாழ 240. அதில் பாதிக்கு மேல் என்ற முதல் நிபந்தனையை 149 என்ற எண் எளிதாகத் தாண்டிவிட்டது. இரண்டாவது நிபந்தனைதான் சிக்கல். வாக்களித்தவர்கள் 149-ம் 75-ம் சேர்த்து 224. அதில் மூன்றில் இரண்டு பங்கு என்ன? 149-க்கு மேல் ஒரு வாக்கில் மூன்றில் ஒரு பங்கு!

மனிதரை மூன்றாக வகுக்க முடியாது. ஆகவே தேவைப்பட்டது 150. கிடைத்தது 149.

இன்னும் ஒருவர் வந்து ஆதரவாக வாக்களித்திருந்தால் 225-க்கு 150, மசோதா நிறைவேறியிருக்கும். எதிர்த்தவர்களில் ஒருவர் மனம் மாறியிருந்தால் நிறைவேறியிருக்கும். அதைவிட ஆச்சரியம், எதிர்த்த 75 பேரில் ஒரே ஒருவர் அன்று அவைக்கு வராமல் வீட்டில் இருந்திருந்தால்கூட 223-க்கு 149, அதுவும் போதும். ஐம்பது கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த ஒரு நாட்டின் அரசமைப்புச் சட்டம், ஒரு மனிதர் அன்று தன் இருக்கையில் இருந்தாரா இல்லையா என்பதில் நின்றது.

நம் நாடாளுமன்ற வரலாற்றில் இவ்வளவு நெருக்கமாகத் தோற்ற அரசமைப்புத் திருத்தத்தை எனக்குத் தெரியாது. 'என் ஒருவன் வாக்கால் என்ன ஆகிவிடும்?' என்று நினைக்கும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒவ்வொரு வாக்காளருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய கணக்கு இது.

அன்றிரவு

அரசு என்ன செய்திருக்க வேண்டும்? தோல்வியை ஏற்றுக்கொண்டு மீண்டும் பேசியிருக்கலாம். சமஸ்தானாதிபதிகள் சார்பில் திராங்கத்ரா மகாராஜா ஏற்கெனவே அரசோடு பல சுற்றுப் பேச்சு நடத்தியவர்தான். காஷ்மீரின் கரண் சிங் தன் மானியத்தைத் தானாகவே விட்டுக்கொடுத்து முன்மாதிரி காட்டியிருந்தார். அல்லது மக்களிடம் போய்ப் புதிய ஆணை பெற்று, மறுபடியும் மசோதா கொண்டுவந்திருக்கலாம். இரண்டுமே நேர்வழி.

அரசு மூன்றாவது வழியை எடுத்தது.

நினைவில் வைக்கச் சொன்ன அந்த உட்பிரிவுக்கு வருவோம். குடியரசுத் தலைவரால் அங்கீகரிக்கப்பட்டவரே சமஸ்தானாதிபதி என்றது 366-வது பிரிவின் 22-ம் உட்பிரிவு. ஒருவர் இறந்தால் அடுத்த வாரிசு யார் என்று முடிவு செய்ய வேண்டும் அல்லவா? அதற்காக எழுதப்பட்டது அது. அரசின் சட்ட மூளைகள் அதைத் திருப்பிப் படித்தன. அங்கீகாரம் கொடுப்பது குடியரசுத் தலைவர் என்றால், அதைத் திரும்பப் பெறுவதும் அவரே. ஒருவருக்கு அங்கீகாரம் போனால் அவர் சமஸ்தானாதிபதி அல்ல. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனால்? மானியத்துக்கு உறுதி தந்த 291-வது பிரிவு புத்தகத்தில் அப்படியே இருக்கும். மானியம் வாங்க ஒருவர்கூட இருக்க மாட்டார்!

மாநிலங்களவையில் மசோதா தோற்ற சில மணி நேரத்துக்குள், செப்டம்பர் 5 இரவே, குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அந்த உத்தரவில் கையெழுத்திட்டார். 1967 முதல் 1969 வரை குடியரசுத் துணைத் தலைவர் என்ற முறையில் மாநிலங்களவைத் தலைவராக இருந்தவர் அவர். அந்த அவை வேண்டாம் என்று சொன்னதை, அவருடைய கையெழுத்தே வேறு வழியில் நடத்திக் காட்டியது. மறுநாள், செப்டம்பர் 6 அன்று, ஒவ்வொரு சமஸ்தானாதிபதிக்கும் தனித்தனியாக உத்தரவு போனது. மைசூர் மகாராஜாவுக்கும் அதே வாசகம். 192 ரூபாய் வாங்கிய கட்டோடியா தலைவருக்கும் அதே வாசகம்.

நான் பரம்பரை மானியத்தை ஆதரிப்பவன் அல்லன். குடியரசில் பிறப்பால் ஒருவருக்குக் கொடியும் வரிவிலக்கும் இருக்கக் கூடாது. அந்த மசோதாவின் நோக்கம் சரியானது. ஆனால், சரியான நோக்கத்துக்கும் ஒரு பாதை உண்டு. 368-வது பிரிவு கேட்ட மூன்றில் இரண்டு பங்கு வெறும் சடங்கு அல்ல. தேசம் ஒருமுறை எழுதிக்கொடுத்த வாக்கை மாற்ற வேண்டுமானால், அன்றைய ஆட்சியையும் தாண்டிப் பரந்த சம்மதம் வேண்டும் என்பதற்காக வைத்த அளவுகோல் அது. நாடாளுமன்றம் மறுத்ததை அமைச்சரவை ஒரே இரவில் ஓர் உத்தரவால் செய்துகொள்ளலாம் என்றால், நாடாளுமன்றம் எதற்கு? இன்று 280 மகாராஜாக்களுக்கு நடந்தது நாளை ஒரு தொழிலாளியின் உரிமைக்கும் நடக்கலாம். வழிமுறை என்பது பலவீனருக்கான காவல். பலசாலிக்கு அது தேவைப்படுவதே இல்லை.

மூன்றாவது மண்டபம்

சமஸ்தானாதிபதிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதல் மனுதாரர் குவாலியரின் இளம் மகாராஜா மாதவராவ் சிந்தியா. வாதாட வந்தவர் நானி பல்கிவாலா.

வரலாறு இங்கே ஒரு வட்டமடிக்கிறது. 1927 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்த வட்ட வடிவ நாடாளுமன்றக் கட்டடத்தில் மூன்று மண்டபங்கள் கட்டினார்கள். ஒன்று பின்னால் மக்களவை ஆனது. ஒன்று மாநிலங்களவை ஆனது. மூன்றாவது, சமஸ்தானாதிபதிகள் கூடிப் பேசுவதற்கென்றே கட்டிய நரேந்திர மண்டபம். 1950-ல் உச்ச நீதிமன்றம் பிறந்தபோது இடம் இல்லாமல் அந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்தது. 1958-ல்தான் தனக்கென்று கட்டிய கட்டடத்துக்குப் போனது. அரசர்களின் மண்டபத்தில் நடை பழகிய நீதிமன்றத்தின் முன்னால்தான், அரசர்கள் இப்போது மனுவோடு நின்றார்கள்.

11 நீதிபதிகள் கொண்ட அமர்வு. தலைமை வகித்தவர் தலைமை நீதிபதி எம். ஹிதயத்துல்லா. 1969 ஜூலையிலிருந்து ஆகஸ்ட் வரை, கிரி பதவியேற்கும் நாள் வரைக்கும், தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்தவரும் அவர்தான். தான் அமர்ந்திருந்த நாற்காலியிலிருந்து பிறந்த ஓர் உத்தரவு செல்லுமா செல்லாதா என்று அவரே சொல்ல வேண்டும். அவர் ஓய்வுபெறும் நாள் 1970 டிசம்பர் 16.

மாநிலங்களவையின் அந்த 75 பேர் எழுப்பிய வேலியைக் குடியரசுத் தலைவரின் கையெழுத்தால் தாண்ட முடியுமா? முடியும் என்று நீதிமன்றம் சொன்னால், இனி எந்தத் திருத்தத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படாமல் போகலாம். முடியாது என்று சொன்னால், இந்திரா காந்தி என்ன செய்வார்? மூன்றே மாதத்தில் மொத்த இந்திய அரசியலும் தலைகீழானது எப்படி?

ஹிதயத்துல்லா ஓய்வுபெறுவதற்கு முதல் நாள், டிசம்பர் 15 அன்று, தீர்ப்பு வந்தது. சமஸ்தானாதிபதிகளுக்கு வாக்கு கொடுத்த சர்தார் பட்டேல் மறைந்து அன்றோடு சரியாக 20 ஆண்டுகள்.

(அடுத்த வாரம்: பதினொரு நீதிபதிகள், ஒரு தீர்ப்பு, கலைந்த மக்களவை)